தன் வளவுக்குள் திரும்பும் நூல்: சித்திர நெசவு பழகத் தொடங்குகிறவர்களுக்கு

நாலு பலகைத் துண்டுகளை அடித்து ஒரு சட்டம் செய்து, மேலும் கீழும் ஆணி வரிசை அடித்து, வெள்ளை நூலை மேலுக்கும் கீழுக்குமாகச் சுற்றி விறாந்தையில் சாத்தி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்தார். "உதென்ன பிள்ளை, கட்டிலுக்குக் கயிறு பின்னுறியோ?" நெசவு என்றேன். "உந்தப் பெட்டிக்குள்ளை என்னத்தை நெய்யப் போறாய், லேஞ்சியோ?"

படம் நெய்யப்போகிறேன் என்றதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாயிலை பூப் போடுற மாதிரித்தானே, அதிலை என்ன இருக்கு" என்று முடித்துவிட்டார். சின்ன வயதிலிருந்து பனையோலையில் பாயும் கடகமும் இழைத்த கை அது. அவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதி எங்கே வேறுபடுகிறது என்பது புரிந்தால் சித்திர நெசவின் அடிப்படை புரிந்த மாதிரி.

இதை ஆங்கிலப் பெயரால் டேப்பஸ்ட்ரி என்பார்கள். நான் சித்திர நெசவு என்றே சொல்லிப் பழகிவிட்டேன். நெசவில் இரண்டு வகை நூல் உண்டு. தறியில் முதலில் இழுத்துக் கட்டி அசையாமல் நிற்பது பாவு. அதற்குக் குறுக்கே மேலும் கீழுமாகப் புகுந்து போவது ஊடை. சாதாரணச் சாரத்தில் ஊடை நூல் ஒரு கரையில் தொடங்கி மறு கரை வரைக்கும் ஓடித் திரும்பி வரும். பாயும் அப்படித்தான்: சாயம் போட்ட ஓலை பாய் முழுக்க ஓடும், வேண்டிய இடத்தில் மேலே முகம் காட்டும், மற்ற இடத்தில் வேறு ஓலைக்குக் கீழே ஒளியும்.

சித்திர நெசவில் ஊடை கரைக்குக் கரை ஓடுவதில்லை. சிவப்பு வேண்டிய இடத்தில் மட்டும் சிவப்பு நூல் போய் வரும். அந்த இடத்தின் எல்லை வந்ததும் திரும்பிவிடும். பக்கத்தில் நீலம் தன் இடத்துக்குள் போய் வரும். ஒரே வரியில் ஐந்து இடத்தில் நிறம் மாறினால் ஐந்து தனித்தனி நூல் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வளவு. தன் வளவை விட்டு எதுவும் வெளியே போவதில்லை.

இன்னொரு விஷயம், பாவு கண்ணுக்கே தெரியாது. ஊடையை ஒவ்வொரு வரியாக நெருக்கி அடித்து இறக்குவதால் வெள்ளைப் பாவு முழுதும் உள்ளே மறைந்துபோகும். ஆகவே படம் என்பது முழுக்க ஊடையின் வேலை. துணி நெய்யும்போதே படமும் நெய்யப்படுகிறது, படத்துக்கென்று தனியாக ஒரு துணி கிடையாது.

தையல் பூவேலையோடு பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். பூவேலைக்கு முதலில் துணி வேண்டும். பிறகு அதன் மேல் ஊசியால் தைக்க வேண்டும். நூலைப் பிரித்து எடுத்தாலும் துணி மிஞ்சும். சித்திர நெசவில் நிற நூலை உருவினால் மிஞ்சுவது வெறும் பாவு நூல்கள்தான். இந்தக் குழப்பம் உலகப் பிரசித்தம். பிரான்சின் பாயூ நகரத்துக்குரியதாக, ஏறக்குறைய 70 மீட்டர் நீளத்துக்கு இங்கிலாந்து மீதான படையெடுப்பின் கதையைச் சொல்லும் 11ஆம் நூற்றாண்டுத் துணி ஒன்று இருக்கிறது. ஊரெல்லாம் அதை டேப்பஸ்ட்ரி என்றுதான் அழைக்கிறது. உண்மையில் அது லினன் துணியில் கம்பளி நூலால் தைத்த பூவேலை.

நம் கண்ணுக்குப் பழக்கமான உதாரணம் வேண்டுமென்றால் கூறைச் சேலையைப் பாருங்கள். காஞ்சிபுரத்தில் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் வைத்து, உடலுக்கும் இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா (ஊடை நூலைக் கொண்டுபோகும் குழல்) ஓட்டி, சந்திக்கும் இடத்தில் நூலோடு நூலைக் கோத்து நெய்வார்கள். அதைக் கோர்வை என்பார்கள். ஒரே வரியில் மூன்று ஊடை நூல், மூன்றும் தன் தன் எல்லையில் திரும்புகிறது. மகாராஷ்டிரத்தின் பைத்தானிச் சேலை முந்தானையில் இதே வேலை பூவும் மயிலுமாகப் பெருகி அசல் சித்திர நெசவாகவே ஆகிவிடுகிறது. யாழ்ப்பாணத்திலும் தறிச் சத்தம் இருந்த ஊர்கள் உண்டு. கல்வியங்காட்டுப் பக்கம் செங்குந்தா இந்துக் கல்லூரி என்ற பெயரைக் கேட்டாலே நெசவுத் தொழில் செய்த சமூகத்தின் ஞாபகம் வரும். ஆனால் நாம் செய்யப்போவதற்குக் குழித்தறி தேவையில்லை. ஒரு படச்சட்டம் போதும்.

சட்டமும் பாவும்

உள்ளளவு 35க்கு 45 சென்றிமீற்றர் இருக்கிற மாதிரி ஒரு மரச் சட்டம் எடுங்கள். பழைய கண்ணாடிச் சட்டமோ யன்னல் துண்டோ எதுவானாலும் சரி, மூலை ஆடக்கூடாது. ஆடினால் மூலைக்கு மூலை ஒரு மரத்துண்டைக் குறுக்கே வைத்து ஆணி அடியுங்கள். நான் முதலில் வீட்டில் கிடந்த பனஞ்சிலாகையில் செய்யப் போனேன். பத்து ஆணியில் எட்டு வளைந்துவிட்டது. கூரை தாங்குகிற வைரம் பாய்ந்த மரத்தில் சின்ன ஆணி எங்கே இறங்கும்? பெட்டிப் பலகை மாதிரி மெல்லிய மரம் நல்லது.

மேல் சட்டத்தில் 20, கீழ்ச் சட்டத்தில் 21 ஆணி, ஒன்றுக்கொன்று 1 சென்றிமீற்றர் இடைவெளியில். நேர்கோட்டில் அடித்தால் மரம் வெடிக்கும். ஒன்று மேலே, அடுத்தது கொஞ்சம் கீழே என்று மாற்றி மாற்றி அடியுங்கள். ஆணி பாதிதான் இறங்க வேண்டும், தலை வெளிப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருந்தால் நூல் வழுகாது.

பாவுக்குப் பருத்தி நூல். நல்ல முறுக்கும் உறுதியும் வேண்டும், இழுத்தால் நீளக்கூடாது. கையில் சுற்றி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். நூல் அறுவதற்கு முன் கை வலிக்க வேண்டும். பின்னல் வூல் பாவுக்கு உதவாது, இன்று இழுத்துக் கட்டினால் நாளைக்குத் தொய்ந்து நிற்கும். ஐரோப்பாவில் சித்திர நெசவாளர்கள் விரும்பி வாங்கும் பாவு நூல் மீன்வலை பின்னப் பயன்பட்ட பருத்தி முறுக்கு நூல்தான். இதைக் கேள்விப்பட்டதும் எனக்குச் சந்தோஷம், மீன்பிடி ஊரான குருநகர்ப் பக்கம் போனால் கிடைக்கும்தானே என்று. போனேன். இப்போது வலையெல்லாம் நைலோன். நைலோன் வழுக்கும், இறுகக் கட்டினாலும் முடிச்சு மெல்லக் கழன்று வரும். கடைசியில் பருத்தி நூல் கயிறு கிடைத்தது பொதி கட்டும் கயிறு விற்கிற கடையில்.

கீழ் முதலாவது ஆணியில் கட்டி, மேல் முதலாவது ஆணியைச் சுற்றி, கீழ் இரண்டாவது ஆணிக்கு இறங்கி, அப்படியே கடைசி வரைக்கும். ஒரு மேல் ஆணிக்கு இரண்டு நூல் வரும், மொத்தம் 40. சட்டத்தில் மேல் ஆணிக்கும் கீழ் ஆணிக்கும் இடையில் 45 சென்றிமீற்றர் என்றால் 18 மீட்டர் போகும், முடிச்சுக்கும் சேர்த்து 20 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றி முடித்ததும் ஒரு கரையிலிருந்து ஒவ்வொரு நூலாக இழுத்து, தொய்வை அடுத்த நூலுக்குத் தள்ளிக்கொண்டே போய் மறு கரையில் கட்டுங்கள். எவ்வளவு இறுக்கம்? வல்வெட்டித்துறையில் பட்டத்துக்கு, காற்றில் ஒலிக்கும் விண் கட்டுகிறவர்களைக் கேட்டால் தெரியும்: தட்டினால் சத்தம் வர வேண்டும், ஆனால் சட்டத்தை வளைக்கக் கூடாது. எல்லா நூலும் ஒரே சத்தம் தந்தால் நல்லது. நாள் போகப் போகத் தொய்ந்தால் மேல் ஆணிக்குக் கீழே பாவுக்கு அடியில் ஒரு தடியைச் செருகிவிடுங்கள், மறுபடி இறுகும்.

அடுத்தது வழி திறக்கிற வேலை. ஓர் அடிமட்டத்தை எடுத்து ஒரு நூலுக்கு மேல், ஒரு நூலுக்குக் கீழ் என்று 40 நூலுக்குள்ளும் நுழையுங்கள். அதைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தால் பாவு இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு வாசல் திறக்கும். ஊடை அதற்குள்ளால் போகும். திரும்பி வரும்போது எதிர்ப்பக்க நூல்கள் மேலே வர வேண்டும். அதை விரலால் பொறுக்கி எடுக்கலாம். பெரிய தறியில் இதற்குப் பாவு நூலைத் தூக்கும் விழுது இருக்கும், மிதித்தால் தானே திறக்கும். முதல் துண்டுக்கு விரல் போதும், கை பழகுகிறது.

படம் தொடங்க முன்னர் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கடுதாசி மட்டைத் துண்டைப் பாவுக்குள் ஊடையாக நுழைத்து அடியில் இறக்குங்கள். அதன் மேல் பாவு நூலாலேயே நாலைந்து வரி. இது அத்திவாரம். இது இல்லாமல் தொடங்கினால் கீழ் வரிகள் ஆணி வரிசை மாதிரியே வளைந்து நிற்கும்.

இடுப்பு விழுந்த கதை

என் முதல் துண்டு கீழே 20 சென்றிமீற்றர் அகலம், நடுவில் 15, மேலே மறுபடி 19. உடுக்கை. மாமி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார், பிறகு ஒரு வார்த்தை சொன்னார். "ஏன் பிள்ளை இழுக்கிறாய்? நூலுக்கு நடக்க இடம் விடன்."

எந்தப் புத்தகத்தில் படித்தாலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். ஊடை நேராகப் போகவில்லை. 40 பாவு நூலையும் ஒன்றுக்கு முன்னால், ஒன்றுக்குப் பின்னால் என்று வளைந்து வளைந்து கடக்கிறது. வளைவுகளையெல்லாம் கூட்டினால் அது நடக்கிற தூரம் 20 சென்றிமீற்றரை விட அதிகம். நீங்கள் 20 சென்றிமீற்றர் நூலை மட்டும் விட்டால், பற்றாத தூரத்தைக் கரையை உள்ளே இழுத்துத்தான் அது சரிக்கட்டும். ஒரு வரியில் ஒரு தலைமயிர் அளவுதான் இழுக்கும். நூறு வரிக்குப் பிறகு இடுப்பு விழுந்துவிடும்.

ஆகவே ஊடையை நேராக இழுக்காமல் ஒரு குன்று மாதிரி வளைத்து விடுங்கள். முதலில் நடுவில் உச்சியை அழுத்துங்கள், பிறகு இரண்டு சரிவுகளையும். அகலமான வரி என்றால் ஒரு பெரிய குன்றுக்குப் பதிலாக மூன்று நாலு சின்னக் குன்று. கடைசியில் முள்ளுக்கரண்டியால் அடித்து இறக்குங்கள். பல் அகன்ற மரச் சீப்பும் நன்றாக வேலை செய்யும். அளவு மிஞ்சினாலும் வில்லங்கம் உண்டு: பாவுக்கு நடுவில் நூல் சின்னச் சின்ன வளையமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு சென்றிமீற்றர் ஏறும் ஒவ்வொரு தடவையும் அகலத்தை அளந்து பாருங்கள். அளக்காமல் கண்ணை நம்பியவன் நான், உடுக்கை இன்னும் வீட்டில் கிடக்கிறது.

ஒரு வரி அடித்தால் பாவு பாதிதான் மறையும். ஊடை எந்தப் பாவு நூலுக்கு முன்னால் போகிறதோ அது மறையும், எதற்குப் பின்னால் போகிறதோ அது தெரியும். திரும்பி வரும் வரியில்தான் மீதி மறையும். போய் வந்தால்தான் ஒரு முழு நிறக் கோடு. இதற்குள் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. போகும் வரி கறுப்பு, வரும் வரி வெள்ளை என்று மாறி மாறி நெய்தால் என்ன ஆகும்? ஒற்றைப்பட நூல்களைக் கறுப்பே எப்போதும் மூடும், இரட்டைப்பட நூல்களை வெள்ளையே எப்போதும் மூடும். குறுக்கே நெய்துகொண்டிருக்கிற உங்களுக்கு முன்னால் நெடுங்கோடுகள் நிமிர்ந்து எழும்பும், பனைமட்டை வரிச்ச வேலி மாதிரி. கறுப்பைப் போய் வர ஒரு முறை, வெள்ளையைப் போய் வர ஒரு முறை என்று நெய்தால் அலை அலையான குறுக்குக்கோடு வரும். பண்ணைப் பாலத்தில் நின்றால் பின்னேரம் கடல் அப்படித்தான் இருக்கும். இந்த இரண்டு வேலையையும் ஒரு விரற்கடை உயரத்துக்கு நெய்து பாருங்கள், எந்த விளக்கமும் தராத தெளிவு அதில் கிடைக்கும்.

வேலிக்கரை

இனி இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில். இடப்பக்க வளவில் சிவப்பு, வலப்பக்க வளவில் நீலம். ஒரு வாசல் திறந்திருக்கும்போது சிவப்பு வலப்பக்கமாக வேலி வரைக்கும் வரும். அதே வாசலுக்குள்ளால் நீலம் இடப்பக்கமாக வேலி வரைக்கும் வரும். இரண்டும் வேலிக்கரையில் சந்திக்கும். வாசலை மாற்றுங்கள். இப்போது இரண்டும் திரும்பித் தன் தன் வீட்டுக்குப் போகும். இரண்டு வீட்டு மாமிமார் வேலியடியில் நின்று கதைத்துவிட்டுத் திரும்புகிற மாதிரி. ஒரே வாசல், எதிரெதிர்த் திசை. இந்த ஒழுங்கு தவறினால் உடனே எதுவும் தெரியாது. பத்து வரி கழித்து எல்லையை நகர்த்த வேண்டி வரும்போதுதான் இரண்டு நிறத்துக்கும் வாசல் பொருந்தாமல் ஓரிடத்தில் நூலுக்கு மேல் நூல் இரட்டையாக விழும். என் அனுபவத்தில் புதியவர்கள் அவிழ்க்கிற துண்டுகளில் பாதி இதனால்தான்.

நூல்கள் சந்தித்துத் திரும்புகின்றனவே தவிர ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவில்லை. எல்லை ஒரே பாவு இடைவெளியில் நேராக மேலே ஏறினால் அங்கே ஒரு வெட்டு விழும், விரல் நுழைகிற நீண்ட வாய். எங்கள் ஊர் வேலியில் பிள்ளைகளும் கோழியும் போய் வர ஒரு பொட்டு விடுவார்களே, அதேதான். சீனாவில் பட்டு நூலால் இதே முறையில் நெய்கிற கெசி என்ற கலையின் பெயருக்கே வெட்டிய பட்டு என்று பொருள் சொல்வார்கள். துருக்கியிலும் ஈரானிலும் நெய்யும் கிலிம் விரிப்புகளிலும் இந்தப் பொட்டுகளைக் காணலாம். ஆகவே பொட்டு என்பது பிழை இல்லை. நீளமானால்தான் தொய்ந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். ஒன்றிரண்டு சென்றிமீற்றர் என்றால் அப்படியே விடலாம், அல்லது இறக்கிய பிறகு பின்பக்கத்தால் தைத்துவிடலாம்.

பொட்டு வேண்டாம் என்றால் பொதுக் கதியால், அதாவது பொது வேலிக்கம்பு, போடலாம். எல்லையில் நிற்கும் ஒரே பாவு நூலைச் சிவப்பும் சுற்றித் திரும்பட்டும், அடுத்த முறை நீலமும் அதையே சுற்றித் திரும்பட்டும். வேலி ஒன்று, இரண்டு வீட்டுக்கும் சொந்தம். எல்லை வாள் பல் மாதிரிக் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், அந்த நூலில் சற்றுத் தடிப்பும் ஏறும். மூன்றாவது வழி காஞ்சிபுரத்துக் கோர்வை: இரண்டு நூலும் நடுவில் ஒன்றுக்குள் ஒன்று கொழுவிக்கொண்டு திரும்பும். அழகான வழி. பழகுகிறவருக்குப் பொறுமையைச் சோதிக்கும், முதல் துண்டில் வேண்டாம்.

சரிவுக் கோடு எப்படி வரும்? நேர்மையில்லாத பக்கத்து வீட்டுக்காரர் வருஷா வருஷம் கதியாலை ஒரு சாண் உள்ளே தள்ளி நடுகிற கதை யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும். அதைத்தான் செய்யப்போகிறோம். ஒவ்வொரு முறை போய் வந்த பிறகும் சிவப்பு ஒரு பாவு நூலை விட்டுக்கொடுக்கட்டும், நீலம் அதை எடுத்துக்கொள்ளட்டும். எல்லை சாய்ந்து ஏறும். பல முறை போய் வந்த பிறகே ஒரு நூல் நகர்த்தினால் சரிவு செங்குத்தாகும். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நூல் நகர்த்தினால் படுத்த சரிவு. வளைவு என்பது இந்த வேகத்தை மெல்ல மாற்றிக்கொண்டே போவதுதான். எல்லை நகர்ந்துகொண்டே இருப்பதால் சரிவில் பொட்டும் விழாது.

இரண்டு நிறத்துக்கு நடுவே மங்கலான மாற்றம் வேண்டுமென்றால், நீலத்தின் நாக்குகளைச் சிவப்புக்குள் ஒரு வரி நீளமாகவும் அடுத்த வரி கட்டையாகவும் விட்டுவிட்டு நெய்யலாம். தூரத்திலிருந்து பார்த்தால் நடுவில் ஊதா நிறம் இருக்கிற மாதிரித் தோன்றும், அப்படி ஒரு நூலே இல்லாமல். ஐரோப்பாவின் பழைய பட்டறைகள் கையிலிருந்த சொற்ப நிறங்களை வைத்துப் பட்டுச் சட்டையின் மடிப்பையும் முகத்தின் நிழலையும் கொண்டுவந்தது இந்த நாக்குகளால்தான்.

பனைமரத்தைப் படுக்க வைத்தல்

யாழ்ப்பாணத்தில் யார் இதைத் தொடங்கினாலும் முதலில் நெய்ய நினைப்பது ஒற்றைப் பனையும் அதன் பின்னால் அடிவானமும். நானும் விதிவிலக்கில்லை. அதைப் போலப் பொல்லாத தொடக்கம் வேறில்லை. காரணம் இப்போது உங்களுக்கே விளங்கும்: பனந்தண்டு ஒடுங்கி நேராக மேலே ஏறுகிறது. இரண்டு பக்கமும் நெடிய பொட்டு. நாலு பாவு நூலுக்குள் கறுப்பு நூல் போய்ப் போய் வர வேண்டும், இரண்டு பக்க வானமும் தனித்தனியாகத் தொங்கும்.

வழி இருக்கிறது. படத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். மரம் படுத்திருக்க, தண்டு சில வரி குறுக்குக்கோடாகப் போய்விடும், பொட்டே இல்லை. நெய்து முடித்து இறக்கிய பிறகு நிமிர்த்தித் தொங்கவிடலாம். இது குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம், ஐரோப்பாவின் பெரிய சித்திரத் திரைகளில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான் நெய்யப்பட்டன. சுவரில் தொங்கும்போது பாவு கிடையாகப் போகும். பாரிசில் லா சப்பல் பக்கம் சொந்தக்காரர் இல்லாத யாழ்ப்பாண வீடு குறைவு. போகிறவர்கள் ஒரு நாள் க்ளூனி நூதனசாலைக்கும் போய், 1500ஆம் ஆண்டு அளவில் நெய்த சீமாட்டியும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் உள்ள ஆறு திரைகளையும் பார்க்கலாம். கிட்டப் போய் நின்று பாவின் வரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். அதே நகரத்தில் 1662இல் அரச பட்டறையாக எடுக்கப்பட்ட கோப்லானில் இன்றும் கையால் நெய்கிறார்கள்.

அடுத்த விதி: எது முதலில்? ஓவியத்தில் வானத்தை முதலில் தீட்டலாம், மரத்தைப் பிறகு அதன் மேல் போடலாம். நெசவில் மேல் என்பது கிடையாது. அடியில் நூல் இல்லாத இடத்தில் நூல் நிற்காது. அடி அகன்று மேலே ஒடுங்கும் வடிவத்தை, ஒரு குன்றையோ கோபுரத்தையோ, முதலில் தனியாக நெய்யலாம். வானம் பிறகு அதன் சரிவில் சாய்ந்து நிரம்பும். அடி ஒடுங்கி மேலே விரியும் சட்டியை நெய்ய முதல் இரண்டு பக்கமும் பின்னணி நிரம்பியிருக்க வேண்டும். மணல் குவிக்கிற பிள்ளைக்குத் தெரிந்த சங்கதிதான். சந்தேகம் வந்தால் பள்ளம் எங்கே இருக்கிறதோ அதை முதலில் நிரப்புங்கள்.

படத்தை உண்மை அளவில் ஒரு தாளில் தடித்த கோட்டில் வரைந்து பாவுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். அழியாத மைப் பேனாவால் பாவு நூலிலேயே எல்லைகளைப் புள்ளியாகக் குறித்தால் தாள் அசைந்தாலும் பயமில்லை. இந்த வழிகாட்டித் தாளுக்குப் பெயர் கார்ட்டூன். சிரிப்புப் படத்துக்கும் இதற்கும் தொடர்பு பின்னால் வந்தது. பெரிய தாள் என்ற பொருளில் இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. ஓவியர் ரஃபாயேல் வத்திக்கானின் சிஸ்டைன் தேவாலயத்துக்கென 1515-16இல் வரைந்த கார்ட்டூன்கள் ஏழு இப்போது லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் நூதனசாலையில் இருக்கின்றன. அவை பிரஸ்ஸல்ஸில் நெய்யப்பட்டன. அங்கே பின்பக்கத்திலிருந்து நெய்ததால் படம் இடவலமாகத் திரும்பும் என்று தெரிந்தே அவர் கண்ணாடியில் தெரிகிற மாதிரி எதிராக வரைந்து கொடுத்தார். நாம் முன்பக்கத்திலிருந்தே நெய்வதால் அந்தத் தலையிடி நமக்கில்லை.

எந்த நூல்

ஊடைக்குக் கம்பளி நூல்தான் சிறந்தது, அழுத்தினால் நன்றாகப் படுத்து மற்ற நூலோடு ஒட்டிக்கொள்ளும். இந்த வெக்கையில் கம்பளிக்கு எங்கே போவது? கடைகளில் வூல் என்று விற்கிற உருண்டைகளில் பெரும்பாலானவை அக்ரிலிக். கொஞ்சம் துள்ளும், ஆனாலும் பழகுவதற்குத் தாராளமாகப் போதும். நிறத்துக்கு ஓர் உருண்டை வாங்கினால் முதல் துண்டு முடிந்தும் மிஞ்சும். நூலின் பருமனை எப்படித் தெரிவது என்றால், இரண்டு பாவு நூலுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். இடைவெளியை நிரப்பிக்கொண்டு இருக்க வேண்டும். பருமன் கூடினால் அடித்தாலும் இறங்காது, பாவு வெள்ளையாகப் பல்லைக் காட்டும். மெலிந்தால் இரண்டு மூன்று இழையைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்க்கும்போது வேறு வேறு நிறத்தில் ஒவ்வோர் இழை எடுத்தால் கடையில் கிடைக்காத நிறமெல்லாம் கிடைக்கும்.

எனக்குப் பிடித்தது பழைய நூல் சேலை. ஒரு விரலில் பாதி அகலத்துக்குக் கிழித்தால் நல்ல ஊடை. சேலையின் பூ நிறம் மாறி மாறி வந்து நீங்கள் திட்டமிடாத அழகு எதையாவது செய்யும். தும்புக் கயிறு விறைப்பு, வளையாது. பனையோலைச் சாயத்தை நூலுக்கு முயன்றேன், பருத்தியில் சரியாக ஏறவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் துணிக்குச் சிவப்பேற்ற இந்தப் பக்கத்து மண்ணில் சாயவேர் கிண்டியிருக்கிறார்கள். அந்த வித்தை இப்போது கைவசம் இருந்தால் நன்றாக இருக்கும்.

ஊடை நூலை உருண்டையாக வைத்துக்கொண்டு நெய்யாதீர்கள். பெருவிரலுக்கும் சின்னவிரலுக்கும் இடையில் எட்டு வடிவமாகச் சுற்றி, நடுவில் அதே நூலால் கட்டினால் ஒரு வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும். நுனியை இழுத்தால் தேவையான அளவு மட்டும் கழன்று வரும், மீதி சிக்காமல் தொங்கும். நூல் முடிந்தால் முடிச்சுப் போட வேண்டாம். பழைய நுனியைப் பின்பக்கம் விட்டு, புது நூலைப் பக்கத்துப் பாவு இடைவெளியிலிருந்து தொடங்கி அதன் நுனியையும் பின்பக்கம் விட்டால் போதும். நெருக்கமே அதைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் துண்டில் படம் வேண்டாம். அடியில் பட்டைகள், அதன் மேல் மட்டை வேலி, அலை, பிறகு ஒரு முக்கோணக் குன்று, அதற்கு இரண்டு பக்கமும் வானம். இதற்கே இரண்டு கிழமை பின்னேரங்கள் போகும். பாவின் மேல்நுனிக்கு ஒரு சாண் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலே வாசல் ஒடுங்கி, விரல் நுழையாமல், கோபந்தான் வரும்.

இறக்குதல்

மேலே மறுபடி நாலு வரி பாவு நூலால் நெய்து முடியுங்கள். இரண்டிரண்டு பாவு நூலாக வெட்டி, வெட்டிய உடனே துண்டின் விளிம்போடு ஒட்டி முடிச்சுப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிவிட்டுப் பிறகு முடிச்சுப் போடலாம் என்று நினைத்தால் மேல் வரிகள் கழன்று கையோடு வரும். மட்டைத் துண்டை உருவிவிட்டுக் கீழேயும் அப்படியே. பின்பக்க நுனிகளை ஒரு விரற்கடை விட்டு வெட்டுங்கள், நீளமான பொட்டுகளைத் தைத்துவிடுங்கள். சேலைத் துண்டும் கம்பளியும் என்றால் ஈரத்துணி போட்டு இஸ்திரிக்கை வைக்கலாம். அக்ரிலிக்குக்கு வைத்தால் பொலிவு போய்ச் சப்பையாகிவிடும், நனைத்துப் பிழிந்து நிழலில் பரப்பி வைத்தால் போதும்.

தொங்கவிடும் தடியைச் செருக மேல் விளிம்பின் பின்பக்கம் ஒரு துணிப் பட்டியைத் தைத்துக்கொள்ளலாம். நேர் வெயில் படுகிற சுவர் வேண்டாம், நிறம் போய்விடும். மண் சுவரோடு ஒட்டியும் வேண்டாம், மாரியில் கறையான் வந்தால் முதலில் தடி, பிறகு துணி.

என்னுடைய இரண்டாவது துண்டின் அகலம் நடுவில் 20க்கு 19தான் வந்தது. மாமி அதைப் பார்க்கவில்லை, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். "நுனியெல்லாம் ஏன் தொங்குது? ஓலை எண்டால் மடிச்சுச் செருகிவிடுவம்" என்றார். அடுத்ததில் ஊசியால் நுனிகளைப் பாவோடு ஓட்டி உள்ளே செருகிப் பார்த்தேன். பின்பக்கமும் படமாகத் தெரிகிறது, இடம் வலமாகி.